கயிற்றில் மிச்சம் பிடிக்காதீர்கள்!



பருப்பின் தரம் பார்க்க ஒரு பிடி அள்ளிப் பார்க்கிறோம். அரிசியை வாயில் போட்டுக் கடித்துப் பார்க்கிறோம். ஆனால் அந்த மூட்டைகளை ஏற்றிச் செல்லும் வண்டி சேற்றில் சிக்கினால், அதை இழுக்கும் கயிற்றை நம்மில் எத்தனை பேர் கையில் எடுத்துப் பார்த்திருப்போம்? நாங்கள் பார்த்ததில்லை. அதற்குக் கொடுத்த விலையைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

2015 டிசம்பர் வெள்ளத்தில் பொன்னேரிச் சுற்றுவட்டாரமே தண்ணீரில் நின்றது. கிராமத்துச் சில்லறைக் கடைகளுக்குச் சரக்கு அனுப்ப முடியாமல் நாங்கள் தவித்தோம். அந்த அனுபவத்தில்தான் நான்கு சக்கரமும் இழுக்கக்கூடிய பழைய ஜீப் ஒன்றை வாங்கினோம். முன்பக்கம் மின்சார வின்ச் பொருத்தி, கம்பிக் கயிறு சுற்றியிருந்தது. மழைக்காலத்தில் எத்தனையோ முறை நம் வண்டியையும் பிறர் வண்டியையும் அது கரை சேர்த்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். மழை விட்ட பிறகு பழவேற்காடு பக்கத்துக் கடைகளுக்கு அரிசி, பருப்பு, மெழுகுவர்த்தி ஏற்றி மினி லாரியை அனுப்பினோம். சாலையோர மண் கரைந்து வண்டி பக்கவாட்டில் இறங்கிவிட்டது. ஜீப்பைக் கொண்டுபோய் இழுத்தோம். இரண்டாவது இழுப்பில் கம்பிக் கயிறு அறுந்தது. அறுந்த முனை சாட்டை போலத் திரும்பி வந்து, ஓரமாக நின்ற எங்கள் சுமை தூக்கும் பையனின் முழங்காலுக்குக் கீழே அடித்தது. எலும்பு முறிந்து நான்கு மாதம் படுக்கை.

பிறகு அந்தக் கயிற்றைப் பிரித்துப் பார்த்தோம். மேல் சுற்றில் கிரீஸ் பளபளத்தது. உள்சுற்றில் புரிகளுக்கு நடுவே துரு பூத்திருந்தது. உப்புக் காற்றும் உப்புச் சேறும் உள்ளே புகுந்து வேலையைக் காட்டியிருக்கின்றன. அதற்கு முந்திய கோடையிலேயே மெக்கானிக் மாற்றச் சொன்னார். "இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம்" என்று சொன்னவர்கள் நாங்கள்தான்.

எதை வாங்குவது?

கம்பிக்குப் பதிலாக இப்போது செயற்கை இழைக் கயிறு போடுகிறார்கள். கடையில் கேட்டால் எல்லாவற்றுக்கும் 'நைலான் கயிறு' என்று ஒரே பெயர்தான். அங்கேதான் ஏமாறுகிறோம். நைலான் வேறு, பாலிபுரப்பிலீன் வேறு, பாலியெஸ்டர் வேறு, வின்ச்சுக்கு உரியது வேறு.

நைலான் இழுத்தால் நீளும். நீண்ட கயிறு அறுந்தால் கவண்கல் போலத் தெறிக்கும். நனைந்தால் அதன் வலுவில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கு மேலும் குறையும். சேற்றில் வேலை செய்யும் வின்ச்சுக்கு அது ஆகாது. பாலிபுரப்பிலீன் மலிவு, ஆனால் வலு குறைவு, வெயிலில் பொடிந்து போகும். தார்பாய் கட்டலாம், லாரி இழுக்கக் கூடாது.

வின்ச்சுக்கு உரியது மிக நீண்ட மூலக்கூறு கொண்ட பாலிஎத்திலீன் இழை. நெதர்லாந்து நாட்டின் டி.எஸ்.எம். நிறுவனத்தார் உருவாக்கி 'டைனீமா' என்ற பெயரில் 1990 முதல் பெருமளவில் தயாரித்தது இதில் பெயர் பெற்றது. கப்பல்களைத் துறையில் கட்டும் கனத்த வடங்களையும் இந்த இழையில் செய்கிறார்கள். மலேசியாவில் 1997-ல் தொடங்கி, 2014 முதல் நம் கோவாவிலும் நடந்துவந்த மழைக்காட்டு ஜீப் பந்தயத்தில் சேற்றிலிருந்து வண்டிகளை மீட்பதும் பெரும்பாலும் இத்தகைய கயிறுதான்.

இதன் குணங்கள் மூன்று. ஒன்று, அதே பருமனுள்ள கம்பிக் கயிற்றுக்குச் சமமான அல்லது அதிகமான வலு. இரண்டு, எடை குறைவு. 28 மீட்டர் கம்பிக் கயிறு சுமார் 10 கிலோ வரும். இது 2 கிலோவுக்குள் அடங்கும். மூன்று, அதிகம் நீளாது. எடையும் இல்லாததால் அறுந்தாலும் கம்பியைப் போலச் சாட்டையடி கிடையாது. துருவும் பிடிக்காது. குறையும் உண்டு. கூர்மையான விளிம்பு இதற்கு எமன். சுமார் 145 டிகிரி வெப்பத்தில் உருகத் தொடங்கும். 70 டிகிரியைத் தாண்டினாலே வலு குறைய ஆரம்பிக்கும். விலையும் கம்பியைவிட அதிகம்.

அளவு பார்க்கும் கணக்கு நமக்குப் பழகியதுதான். வண்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடையை ஒன்றரையால் பெருக்குங்கள். அந்த இழுதிறனாவது வின்ச்சுக்கு வேண்டும். 2,500 கிலோ என்றால் 3,750 கிலோ. கடையில் 9,500 பவுண்டு வின்ச் கேட்கலாம், அது சுமார் 4,300 கிலோ. கயிற்றின் அறுபடும் பாரம் அந்த வின்ச்சின் திறனைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கட்டும். 10 மி.மீ. நல்ல கயிறு சுமார் 8 டன் தாங்கும். 'நல்ல' என்ற சொல்லுக்கு அத்தாட்சி வேண்டும். தயாரிப்பாளரின் சோதனைச் சான்றில் அறுபடும் பாரம் எண்ணில் அச்சாகியிருக்க வேண்டும். சான்று இல்லாத கயிற்றை எடைக்கு எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். சிறு துண்டைத் தண்ணீர் வாளியில் அமுக்கி, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். நைலானும் பாலியெஸ்டரும் மூழ்கும், இது மிதக்கும். பாலிபுரப்பிலீனும் மிதக்கும். ஆகவே மிதந்தது என்பதால் மட்டும் நம்பிவிடக் கூடாது. மூழ்கினால் மட்டும் சந்தேகமே வேண்டாம், அது வேறு சரக்கு.

பொருத்துவது எப்படி?

பழைய கம்பியைக் கழற்றும்போது தோல் கையுறை போடுங்கள். பிறகு டிரம்மை விரலால் தடவிப் பாருங்கள். கம்பி உரசி உண்டாக்கிய பிசிறு இருந்தால் அரத்தால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். கயிறு வெளியே வரும் வாயில் உள்ள உருளைகளில் கம்பி வெட்டிய தடங்கள் இருக்கும். அவற்றை மாற்றி, வழவழப்பான அலுமினிய வாய்ச்சட்டம் போடுவது உத்தமம். புதுக் கயிற்றைப் பழைய உருளையில் ஓட்டினால் முதல் மழைக்காலத்திலேயே நார் நாராகிவிடும்.

எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும் என்பதை வின்ச்சின் குறியீட்டைப் பார்த்துச் செய்யுங்கள். எதிர்த்திசையில் சுற்றினாலும் மோட்டார் இழுக்கும். ஆனால் தானாகப் பிடிக்கும் பிரேக் பிடிக்காது. முதல் சுற்று இறுக்கமாக அமையாவிட்டால், பாரம் வந்ததும் மேல்சுற்று கீழ்ச்சுற்றுக்குள் புதைந்து சிக்கும். ஆகவே சமதரையில் ஜீப்பை நிறுத்தி, கயிற்றை உறுதியான ஒன்றில் மாட்டி, பிரேக்கை லேசாக மிதித்தபடி ஜீப் தன்னையே மெல்ல இழுத்துக்கொண்டு போகும்படி சுற்ற வேண்டும். இழுக்கும்போது டிரம்மில் 8 முதல் 10 சுற்றாவது எப்போதும் மிச்சம் இருக்கட்டும். நுனியில் இருக்கும் திருகு கயிற்றைத் தாங்காது. அந்தச் சுற்றுகள்தான் தாங்கும்.

முனையில் முடிச்சு போடவே கூடாது. முடிச்சு விழுந்த இடத்தில் வலு பாதியாகிவிடும். இரும்புத் திம்பிளைச் சுற்றிக் கயிற்றைத் தன் வயிற்றுக்குள்ளேயே நுழைத்துப் பின்ன வேண்டும். நுழையும் நீளம் கயிற்றுப் பருமனைப்போல் 72 மடங்கு, 10 மி.மீ. கயிற்றுக்கு 72 செ.மீ. பழவேற்காட்டு மீனவர்கள் கயிறு பின்னுவதில் வல்லவர்கள். ஆனால் அவர்கள் கைப்பழக்கம் பெரும்பாலும் மூன்று புரிக் கயிற்றில். இது பன்னிரண்டு புரிப் பின்னல், உள்ளே வெற்றிடம். முறையைக் காட்டினால் அரை மணியில் பிடித்துக்கொள்கிறார்கள்.

மின்வின்ச் பொருத்துவதற்கு முன் இன்னொன்று. வண்டியின் முன்பக்கம் இரும்புச் சட்டம் வைப்பது சட்டத்துக்கு உட்பட்டதா என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவைக் காட்டி, முன்பக்க இரும்புக் காப்புச் சட்டங்களை அனுமதிக்க வேண்டாம் என்று மத்திய அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுவது நல்லது.

பயன்படுத்தும்போது

டிரம்மின் கடைசிச் சுற்றில்தான் வின்ச்சுக்கு முழு வலு. மேலே நான்கு அடுக்கு சுற்றியிருந்தால் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். முடிந்தவரை கயிற்றை வெளியே விட்டு இழுங்கள். கப்பி ஒன்று போட்டால் இழுவை ஏறக்குறைய இரட்டிக்கும். கயிற்றை மரத்தில் நேரடியாகச் சுற்றாதீர்கள். பட்டை வாரைச் சுற்றி, அதில் ஷாக்கிள் போட்டு மாட்டுங்கள். கொக்கியைக் கயிற்றின் மேலேயே திருப்பி மாட்டுவதும் கூடாது. சிறிது இழுத்து, சிறிது நிறுத்துங்கள். பாரத்தோடு கயிற்றை நீண்ட நேரம் இறக்கினால் டிரம்முக்குள் இருக்கும் பிரேக் சூடாகி, கயிற்றை உள்ளிருந்தே வேகவைத்துவிடும்.

நம் கடையில் பஞ்சமில்லாத கோணிச் சாக்கை நனைத்து, இழுபடும் கயிற்றின் நடுவே போடுங்கள். அறுந்தாலும் அதன் வேகத்தைச் சாக்கு அடக்கும். கயிற்றின் நேர்கோட்டிலும் அதன் இரு பக்கத்திலும் ஆள் நிற்கக் கூடாது. செயற்கைக் கயிறு என்பதற்காக இந்த விதியைத் தளர்த்தாதீர்கள். கொக்கி இன்னும் இரும்புதான்.

வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். உள்ளே தங்கும் மணலும் உப்புத் துகளும் ரம்பம் போல நாரை அறுக்கும். வெட்டுப்பட்ட புரி, உருகிக் கெட்டியான பளபளப்பு, தட்டையான இடம் இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அந்தப் பகுதியை வெட்டி எறிந்து மீண்டும் பின்னுங்கள்.

ஜீப் இல்லாதவர்களுக்கும் ஒரு சொல். வண்டி வின்ச் தரையில் இழுப்பதற்கு மட்டும். கிடங்கில் மூட்டை தூக்க அதைப் பயன்படுத்தாதீர்கள். தூக்குவதற்கு வாங்கும் கயிறு, பாரத்தைப் போல் ஐந்து மடங்காவது தாங்க வேண்டும். ஒருவரால் வாங்க முடியாத ஜீப்பையும் வின்ச்சையும் ஐந்தாறு கடைக்காரர் சேர்ந்து வைத்துக்கொள்ளலாம். மழை எல்லாருக்கும் பொதுதானே.

எங்கள் பையன் திரும்பி வந்துவிட்டான். மூட்டை தூக்குவதில்லை, தராசுப் பக்கம் உட்கார வைத்திருக்கிறோம். மருத்துவச் செலவும் நான்கு மாதச் சம்பளமும் நாங்கள்தான் கொடுத்தோம். கூட்டிப் பார்த்தால் அந்தப் பணத்தில் பல கயிறுகள் வாங்கியிருக்கலாம். ஆனால் பணம் பெரிதல்ல. மழை இருட்டினால் அவன் காலைத் தடவிக்கொள்வதை நாங்கள் கல்லாவிலிருந்து பார்க்கிறோம். அந்தக் கணக்கை நேர் செய்ய எங்கள் பேரேட்டில் பக்கமில்லை. ஐப்பசி பிறப்பதற்குள் உங்கள் கயிற்றை ஒருமுறை முழுவதும் பிரித்துப் பாருங்கள்.