அழைப்புக் கடிதத்துக்கு நோட்டரி முத்திரை வேண்டுமா?

போன மாதம் திண்டிவனத்திலிருந்து சித்தப்பா ஃபோன் பண்ணினார். டொராண்டோவில் இருக்கும் மகள் அனுப்பிய அழைப்புக் கடிதத்தைப் பிரிண்ட் எடுத்து, கோர்ட் பக்கத்தில் நோட்டரி வக்கீலிடம் சீல் வாங்கப் போகிறாராம். "விழுப்புரத்துல ஒருத்தர் சொன்னாருப்பா, சீல் இல்லாட்டி விசா கிடைக்காதாம்."

"கொஞ்சம் பொறுங்க சித்தப்பா" என்று சொல்லிவிட்டு ராத்திரி உட்கார்ந்து விதிகளைப் படித்தேன்.

முதலில், நோட்டரி எதற்குச் சாட்சி? 'இன்னார் என் முன்னால் கையெழுத்துப் போட்டார்' என்பதற்கு. கடிதத்தில் எழுதியிருப்பது உண்மையா என்று அவர் விசாரிப்பதில்லை. எங்கள் சாஃப்ட்வேர் பாஷையில் சொன்னால், அது வெறும் லாகின் சரிபார்ப்பு. அப்படியென்றால், டொராண்டோவில் போட்ட கையெழுத்துக்குத் திண்டிவனத்தில் எப்படிச் சாட்சி சொல்வது? வேண்டுமென்றால் மகள்தான் அங்கே உள்ள நோட்டரியிடம் போக வேண்டும்.

வேண்டுமா என்பது நாட்டைப் பொறுத்தது.

கனடா: பொதுவாகக் கட்டாயமில்லை. சில சமயம் விசா அலுவலகம் கேட்கலாம், கேட்டால் செய்தால் போதும்.

அமெரிக்கா: சுற்றுலா விசாவுக்கு அழைப்புக் கடிதமே தேவையில்லை. ஊருக்குத் திரும்பி வருவார் என்பதை விண்ணப்பிப்பவர்தான் நம்ப வைக்க வேண்டும். செலவை ஏற்பதாகச் சொல்லும் ஐ-134 படிவத்துக்கும் இப்போது நோட்டரி கிடையாது. பொய் சொன்னால் தண்டனை என்று ஒப்புக்கொண்டு போடும் கையெழுத்தே போதும்.

பிரான்ஸ்: பாண்டிச்சேரி பக்கத்தில் இருப்பதால் நம்ம ஊரில் இதுவும் அடிக்கடி வரும் கேள்வி. உறவினர் வீட்டில் தங்கப் போனால், அவர் தன் ஊர் 'மேரி'யில், அதாவது நகராட்சியில், வரவேற்புச் சான்று வாங்கி அனுப்ப வேண்டும். நோட்டரி சீல் அதற்கு ஈடாகாது.

அப்போ திண்டிவனம் நோட்டரிக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. கனடாவுக்குத் தமிழ் ஆவணங்களைக் கொடுத்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். மொழிபெயர்த்தவர் அங்கீகாரம் பெற்றவர் இல்லையென்றால், அவர் நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். "பட்டாவை நானே மொழிபெயர்த்துத் தரேன்" என்று சித்தப்பாவிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். பிறகுதான் பார்த்தேன், உறவினர் மொழிபெயர்க்கக் கூடாது. அண்ணன் மகனும் அதில் அடக்கம்!

கடைசியில் அந்தக் கடிதத்தை வாங்கிப் படித்தேன். மொத்தமே மூன்று வரி. எத்தனை நாள் தங்குவார்கள், எங்கே, யார் செலவு, எப்போது திரும்புவார்கள், மகள் என்ன வேலை பார்க்கிறாள், எதுவுமே இல்லை. கனடா கேட்பது அதைத்தான். உள்ளே விஷயம் இல்லாத கடிதத்துக்கு எத்தனை சீல் குத்தி என்ன பிரயோஜனம்? உண்மைக்கு மாறாக எதையாவது கொடுத்து மாட்டினால் 5 வருஷத் தடை வேறு.

மகள் புதிதாக ஒன்றரைப் பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறாள். சித்தப்பாவுக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. "எதுக்கும் ஒரு சீல் இருந்தா நல்லா இருக்கும்ல?" என்கிறார்.