வாடிய நுனிக்குள் ஒரு திருடன்!

குட்டீஸ், திருவண்ணாமலையில் உங்கள் வீடு என்று வைத்துக் கொள்ளுங்கள். பின்வாசலில் நின்றால் மலை தெரியும். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், நீங்களே நட்டு, தண்ணீர் ஊற்றி வளர்த்த நான்கு கத்தரிச் செடிகள். ஊதாப் பூ பூத்து விட்டது. "முதல் காய் பாட்டிக்குத்தான்!" என்று வீடு முழுக்கச் சொல்லியும் விட்டீர்கள்.

ஒருநாள் காலை பார்த்தால், ஒரு செடியின் நுனி மட்டும் தலை தொங்கிக் கிடக்கிறது. இரண்டு சொம்பு தண்ணீர் கூடுதலாக ஊற்றுகிறீர்கள். மறுநாளும் நிமிரவில்லை. "பூச்சி மருந்து வாங்கி அடித்தால் சரியாகி விடும்" என்கிறார் பக்கத்து வீட்டு மாமா.

அவசரப்படாதீர்கள். முதலில் துப்பறிவோம்!

யார் அந்தத் திருடன்?

தண்ணீர் போதாமல் வாடினால், செடி முழுவதும் துவளும். தண்ணீர் ஊற்றியதும் நிமிர்ந்து விடும். ஒரு நுனி மட்டும் தொங்கினால் அது வேறு கதை. அந்த நுனியைக் கிள்ளி, தண்டைப் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு புழு நெளியும். அதன் பெயர் தண்டு மற்றும் காய்த்துளைப்பான்.

இதன் தாய், பழுப்புப் புள்ளிகள் கொண்ட சின்ன வெள்ளை அந்துப்பூச்சி. இரவில் வந்து இலையின் அடிப்பக்கத்திலும், மொட்டிலும் முட்டை வைக்கும். சில நாட்களில் பொரியும் குட்டிப்புழு வெளியே சுற்றுவதில்லை. நேராகக் குருத்துக்குள்ளோ, காய்க்குள்ளோ துளைத்துப் போய், வந்த வழியைத் தன் கழிவாலேயே அடைத்து விடும். இரண்டு, மூன்று வாரம் உள்ளேயே சாப்பாடு, தூக்கம்! பிறகு வெளியே வந்து, செடிக்கடியில் கிடக்கும் சருகில் கூடு கட்டிக் கொள்ளும். ஒரு வாரம், பத்து நாளில் மறுபடி அந்துப்பூச்சி.

இன்னொரு ரகசியம். காயில் பெரிய ஓட்டை தெரிந்தால், பெரும்பாலும் அது புழு வெளியே போன வழி. உள்ளே போன வழி கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது. அதனால்தான் ஓட்டையே இல்லாத கத்தரிக்காயை நறுக்கும்போதும், அம்மா சில சமயம் "ஐயோ, புழு!" என்கிறார்.

மருந்து ஏன் தோற்கிறது?

திருடன் வீட்டுக்குள் கதவைச் சாத்திக் கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நாம் தெருவில் மருந்து தெளித்தால் அவனுக்கு என்ன ஆகும்? தெருவில் நிற்கும் காவல்காரர்கள்தான் சாவார்கள். பொறிவண்டும், சிலந்தியும், குளவியும்தான் அந்தக் காவல்காரர்கள். அவை அழிந்தால் அசுவினியும், வெள்ளை ஈயும் கேள்வி கேட்பாரில்லாமல் பெருகும். போதாததற்கு, விஷம் நம் சாம்பாருக்கும் வந்து சேரும். மோனோகுரோட்டோபாஸ் என்ற கடும் விஷத்தைக் காய்கறிகளுக்குத் தெளிக்கக் கூடாது என்று 2005ம் ஆண்டே இந்தியாவில் தடை போட்டார்கள்.

இந்த ஒரு புழுவை எதிர்ப்பதற்காகவே மரபணு மாற்றிய கத்தரியும் உருவாக்கப்பட்டது. அதன் பாதுகாப்பு பற்றிப் பெரிய விவாதம் எழ, 2010 பிப்ரவரியில் மத்திய அரசு அதை நிறுத்தி வைத்தது. அத்தனை பொல்லாத புழு!

ஆனால், நல்ல வளர்ப்பு முறைக்கு இந்தப் புழு பயப்படும்.

ஐந்து பூட்டுகள்

1. கிள்ளுங்கள்: வாரம் இருமுறை செடிகளைச் சுற்றி வாருங்கள். வாடிய நுனியை, வாட்டத்துக்குச் சற்றுக் கீழே கிள்ளி விடுங்கள். ஓட்டை விழுந்த காயையும் பறித்து விடுங்கள். குப்பைக் குழியில் போட்டால் புழு பிழைத்துக் கொள்ளும். ஒரு பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிச் சில நாள் வெயிலில் வையுங்கள். கவலை வேண்டாம், கிள்ளிய இடத்துக்குக் கீழே புதுக்கிளை வரும்.

2. கூட்டுங்கள்: செடிக்கடியில் சருகு சேர விடாதீர்கள். காய்ப்பு முடிந்த கிழட்டுச் செடியை வேரோடு பிடுங்கி அகற்றுங்கள்.

3. இடம் மாற்றுங்கள்: கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றைத் தாக்கும் பூச்சி, நோய் பல, மற்றதையும் தாக்கும். அடுத்த முறை அந்த இடத்தில் அவரையோ, வெண்டையோ, கீரையோ போடுங்கள்.

4. கலந்து நடுங்கள்: தக்காளி வயலில் 16 வரிசைக்கு ஒரு வரிசை செண்டுமல்லி நடுவது உண்டு. காய்ப்புழுவின் தாய்ப்பூச்சி தக்காளியை விட்டுவிட்டு, செண்டுமல்லியில் முட்டையிடப் போகும். அங்கே பிடித்து விடலாம்.

5. அளவாக ஊட்டுங்கள்: யூரியாவை அள்ளிப் போட்டால் செடி தளதளவென்று இளசாக வளரும். அசுவினிக்கு அது விருந்து! மக்கிய தொழு உரம், நல்ல வெயில், செடிக்குச் செடி இடைவெளி போதும்.

இன்னும் ஒன்று. இலையில் குட்டி முதலை மாதிரி ஊரும் ஒரு பூச்சியைக் கண்டால் நசுக்கி விடாதீர்கள். அது பொறிவண்டின் பிள்ளை. அசுவினிதான் அதன் சாப்பாடு.

நிலக்கடலைக்காரர்களைக் கேளுங்கள்

திருவண்ணாமலை மாவட்டம் மணிலாப் பயிருக்குப் பெயர் போனது. நிலக்கடலையைத்தான் இங்கே மணிலா என்கிறோம். அதற்கும் ஒரு திருடன் உண்டு, சிவப்புக் கம்பளிப்புழு. இதன் கூட்டுப்புழு, மண்ணுக்கடியில் அடுத்த ஆண்டு மழை வரும்வரை தூங்கும். மழை பெய்ததும் அந்துப்பூச்சியாகி, நூற்றுக்கணக்கில் முட்டையிடும்.

"சித்திரை மாதத்துப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்" என்பார்களே, ஏன் தெரியுமா? கோடையில் உழுதால் தூங்கும் கூட்டுப்புழு மேலே வரும். வெயில் பாதியைக் கொல்லும், மைனாவும் கொக்கும் மீதியைத் தின்னும். தப்பியவற்றைப் பிடிக்க, மழைக்குப் பிறகு மாலையில் வயலில் விளக்கோ, தீயோ மூட்டி அந்துப்பூச்சியை இழுப்பார்கள்.

ஆனால், ஒருவர் மட்டும் செய்தால் பலன் குறைவு. பக்கத்து வயலில் இருந்து பூச்சி பறந்து வந்து விடுமே! ஊரே சேர்ந்து செய்ய வேண்டும்.

உங்கள் நான்கு செடிக்கும் அதே கணக்குதான். மருந்து அடிக்கச் சொன்ன மாமா வீட்டிலும் கத்தரி இருக்கிறதா? அங்கே போய் ஒரு வாடிய நுனியைப் பிளந்து காட்டுங்கள். புழுவைப் பார்த்தால் அவரே கிள்ள ஆரம்பித்து விடுவார். ஒன்றிரண்டு காய் அப்போதும் புழுவுக்குப் போகலாம். போகட்டும். மீதி உங்களுக்கு!

என்ன குட்டீஸ், நாளைக் காலை பல் தேய்த்த கையோடு செடிப் பக்கம் ஒரு சுற்று போவீர்கள்தானே? பாட்டி முதல் காய்க்காகக் காத்திருக்கிறார்!