தொட்டியின் அடியில் மணல் வேண்டுமா?

ஆனி, ஆடி மாதங்களில் சாரல் அடிக்கும்போது குற்றாலத்துக்குப் போயிருக்கிறீர்களா? பேரருவியின் கீழ் நிற்கையில் உங்கள் காலுக்கடியில் இருப்பது என்ன? வெறும் பாறை. சேறும் இல்லை, மணலும் தங்குவதில்லை.

அதே தண்ணீர் சிற்றாறாக ஓடித் தென்காசியை அடைகிறது. வழியில் அணைக்கட்டுகளில் திரும்பி, கால்வாய்கள் வழியே குளங்களில் நிறைகிறது. அப்படிப்பட்ட குளம் ஒன்றின் கரையோரம் ஒரு குச்சியை ஊன்றிக் கிளறிப் பாருங்கள். கறுப்புச் சேறு மேலே வரும். குமிழிகள் கிளம்பும். அழுகிய முட்டையின் நாற்றம் மூக்கைத் துளைக்கும்.

ஆறு ஒன்றுதான், அடித்தளம்தான் வேறு. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால், கடல் மீன்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பவர்களிடையே நெடுநாளாக நடந்துவரும் ஒரு விவாதமும் புரிந்துவிடும். தொட்டியின் அடியில் மணல் வேண்டுமா, வேண்டாமா என்பதே அந்த விவாதம்.

கண்ணாடிக்குள் ஒரு கடல்

தென்காசியிலிருந்து தூத்துக்குடிக் கடற்கரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஆனால் தென்காசியிலும் ஒருவர் கடல் மீன் வளர்க்கலாம். அதற்கென்று கிடைக்கும் உப்புக் கலவையை லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் வீதம் நன்னீரில் கரைத்தால் கடல் நீருக்கு நிகரான நீர் கிடைத்துவிடும். அடியில் வெண்மணல், அதன்மேல் பாறைகள், பாறை இடுக்குகளில் வண்ண மீன்கள் என்று தொட்டி அழகாகவே இருக்கும்.

ஆனால் மணல் அழகுக்காக மட்டும் அங்கே இருக்கவில்லை. மீன்கள் உணவிலுள்ள புரதத்தைச் செரித்தபின் வரும் கழிவை, பெரும்பாலும் அம்மோனியாவாகத் தங்கள் செவுள்கள் வழியே வெளியேற்றுகின்றன. கடலில் அது கரைந்து பரவிவிடும். தொட்டியில் எங்கே போகும்? நீரில் சேர்ந்துகொண்டே போய், கடைசியில் மீன்களையே கொன்றுவிடும். அதிலும் கடல் நீர் சற்றுக் காரத்தன்மை உடையது. அதன் பி.எச். அளவு ஏறத்தாழ 8.2. நடுநிலையான நீரைவிட இத்தகைய நீரில் அம்மோனியாவின் நச்சு வடிவம் பத்து மடங்குக்கு மேல் மிகுந்திருக்கும்.

இந்த நஞ்சை முறிப்பவை பாக்டீரியாக்கள். ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு கொடியதல்ல. வேதிப்பொருள்களிலிருந்தே ஆற்றல் பெற்று வாழும் இந்த உயிர்களை 1890-ஆம் ஆண்டையொட்டிப் பிரித்தெடுத்து ஆராய்ந்தவர் ரஷ்ய விஞ்ஞானி செர்கே வினோகிராட்ஸ்கி.

இந்த பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை நீரில் மிதந்து திரிவதில்லை. ஏதேனும் ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. ஆகவே பரப்பு எவ்வளவு மிகுதியோ, அவ்வளவு மிகுதியாக அவை குடியேறலாம்.

இங்கே ஒரு சிறு கணக்குப் போடுவோம். 90 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் உள்ள தொட்டியின் உட்புறக் கண்ணாடிப் பரப்பு சுமார் 1.2 சதுர மீட்டர். அதன் அடியில் ஏறக்குறைய 4 செ.மீ. கனத்துக்கு 10 லிட்டர் மணலைப் பரப்புவோம். மணிகள் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டைகள் என்று கொண்டால், அவற்றின் மொத்தப் பரப்பு 35 சதுர மீட்டருக்கு மேல் வரும். கண்ணாடிச் சுவர்களைப் போல் சுமார் முப்பது மடங்கு! மணல் என்பது பாக்டீரியாக்களின் மாநகரம் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

நண்பன் பகைவனாவது எப்போது?

மணலின் மேல்பகுதியில்தான் ஆக்சிஜன் இருக்கிறது. அங்கே வாழும் பாக்டீரியாக்கள் அதைப் பயன்படுத்தித் தீர்த்துவிடுவதால் ஆழத்துக்குப் போகப்போக ஆக்சிஜன் குறைந்து, பிறகு அறவே இல்லாமற் போகிறது.

ஆக்சிஜன் மிகக் குறைந்த அடுக்கில் வேறு வகை பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. இவை நைட்ரேட்டிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு, நைட்ரஜனை வாயுவாக வெளியே விடுகின்றன. அந்த வாயு குமிழியாகிக் காற்றில் கலந்துவிடும். இது நமக்கு நன்மையே.

ஆனால் மீனின் எச்சமும், தின்னாமல் விட்ட உணவும் நாள்தோறும் மணலுக்குள் இறங்கிக்கொண்டிருக்கின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல மணல் இறுகுகிறது. அழுகும் பொருள் மிகுகிறது. அப்போது சல்ஃபேட்டைப் பயன்படுத்தும் பாக்டீரியாக்கள் தலையெடுக்கின்றன. ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 2.7 கிராம் சல்ஃபேட் இருப்பதால் அவற்றுக்குப் பஞ்சமே இல்லை. அவை வெளியிடுவது ஹைட்ரஜன் சல்ஃபைடு. குளத்துச் சேற்றில் நாம் முகர்ந்த அதே அழுகிய முட்டை நாற்றம்! அது இரும்புடன் சேர்ந்து உண்டாக்கும் சல்ஃபைடுதான் சேற்றின் கறுப்பு நிறம். மீன்களுக்கு இந்த வாயு கொடிய நஞ்சு.

நல்ல பராமரிப்பில் மணல் தொட்டிகள் பல ஆண்டுகள் நலமாக இயங்குவதும் உண்டு. ஆகவே மணலே தீது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதுதான் அதிலுள்ள இடர்.

அருவி காட்டும் வழி

இனி குற்றாலத்துக்குத் திரும்புவோம். அருவியின் அடியில் ஏன் சேறு இல்லை? ஓட்டத்தின் வேகம்தான் காரணம். பேரருவி மேலிருந்து நேரே தரைக்கு விழுவதில்லை. நடுவே பாறையில் குடைந்துள்ள பொங்குமாங்கடல் என்னும் பள்ளத்தில் விழுந்து, கொந்தளித்து, அதன் பிறகே கீழே பாய்கிறது. இவ்வளவு வேகத்தில் இலைச்சருகும் வண்டலும் தங்க முடியுமா? ஓட்டம் அடங்கும் குளத்தில்தான் அவை படிகின்றன.

மணலில்லாத தொட்டியின் தத்துவம் இதுவே. அடியில் மணல் இருந்தால் நீரோட்டத்தை மிகவும் கூட்ட முடியாது; மணல் புயல்போல் கிளம்பிப் பாறைகளை மூடிவிடும். மணலை நீக்கிவிட்டால் தொட்டியின் கொள்ளளவைப்போல் மணிக்கு 20 மடங்கு நீரைச் சுழற்றினாலும் கேடில்லை. கழிவு ஓரிடத்தில் புதையாது. ஒதுங்கும் மூலை கண்ணுக்குத் தெரியும். ஒரு ரப்பர் குழாயால் உறிஞ்சி எடுத்துவிடலாம். அழுகுவதற்கு முன்பே கழிவு வெளியேறிவிடுவதால் அம்மோனியாவும் குறைவாகவே உண்டாகும்.

அருவி கற்பிக்கும் இன்னொரு பாடம் நுரை. காட்டின் இலைச்சருகுகளில் ஊறிவரும் நீரில் பல கரிமப் பொருள்கள் கரைந்திருக்கின்றன. அவற்றில் சில, காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை. நீர் காற்றோடு மோதிக் குமிழிகள் உண்டாகும்போது அவை குமிழிகளின் மேல் படிந்து நுரையாகச் சேர்கின்றன. கடல் மீன் தொட்டியின் ‘நுரை பிரிப்பான்’ வேலை செய்வதும் இவ்விதமே. ஒரு குழாயில் நுண்ணிய காற்றுக் குமிழிகளைச் செலுத்தி, மேலே சேரும் பழுப்பு நுரையைத் தனிக் கிண்ணத்தில் வடித்துக் கொட்டிவிடுவார்கள். பாறையையும் நுரை பிரிப்பானையும் முதன்மையாக நம்பும் இம்முறை ஜெர்மனியில் வளர்ந்து, ‘பெர்லின் முறை’ என்று பெயர் பெற்றது.

மணலின் வேலை யாருக்கு?

மணலை எடுத்துவிட்டால் 35 சதுர மீட்டர் குடியிருப்பு போய்விடுமே! அந்த வேலையைப் பாறைகள்தாம் ஏற்க வேண்டும். எந்தப் பாறையும் ஏற்குமா? குற்றாலத்துப் பாறை கெட்டியானது. பாக்டீரியாவுக்கு அதன் மேற்பரப்பில் மட்டுமே இடமுண்டு. கடற்பஞ்சுபோல் நுண்துளைகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறையில் உள்ளும் புறமும் இடமுண்டு. வெளிப்புறத் துளைகளில் ஆக்சிஜன் நாடும் பாக்டீரியாக்களும், உட்புறத் துளைகளில் நைட்ரேட்டைச் சிதைப்பவையும் வாழும். மணல் அடுக்கின் இரு வேலைகளையும் ஒரே பாறை செய்துவிடும்.

இத்தகைய பாறை மன்னார் வளைகுடாவில் உண்டே, எடுத்து வரலாமா? கூடாது. அங்கே சுண்ணாம்புக்காகப் பவழப்பாறைகளை வெட்டி எடுத்ததன் விளைவைத் தமிழ்நாடு கண்கூடாகப் பார்த்தது. அலையைத் தடுத்து நின்ற பாறைகள் போனதால் அரிப்பு மிகுந்தது. 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரண்டும் நீரில் மூழ்கிவிட்டன. இத்தீவுகளைக் கொண்ட கடற்பகுதி 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001-இல் கல் பவழங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அவற்றை எடுப்பது குற்றம்.

அரிப்பால் சுருங்கிவந்த வான் தீவைக் காக்க 2015 முதல் அதன் அருகே துளையிட்ட சிமெண்டுக் கட்டமைப்புகளைக் கடலடியில் இறக்கினார்கள். அவை அலையின் வேகத்தைத் தணிப்பதோடு மீன்களுக்கும் பவழங்களுக்கும் புகலிடமாகவும் அமைந்தன. கடலுக்கே செயற்கைப் பாறை பொருந்துமானால் தொட்டிக்குப் பொருந்தாதா? சிமெண்டும் கிளிஞ்சல் தூளும் கலந்து துளைகளுடன் வார்த்த பாறையை வைக்கலாம். ஆனால் புதிய சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து நீரின் காரத்தன்மையை உயர்த்தும். பல வாரங்கள் நன்னீரில் ஊறவிட்டு, நீரை மாற்றி மாற்றிச் சோதித்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

அவசரம் ஆகாது

ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய மணல் முழுவதையும் வாரி எறிந்துவிட்டு, கழுவிய புதுப் பாறைகளை அடுக்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். தொட்டி பளிச்சென்று இருக்கும். ஆனால் பாக்டீரியாக்களில் பெரும்பகுதி மணலோடு போய்விட்டது. புதுப் பாறையிலோ குடியேற்றம் இன்னும் தொடங்கவில்லை. மீன்கள் மட்டும் வழக்கம்போல் அம்மோனியாவை வெளியிட்டுக்கொண்டிருக்கின்றன. வாரம் முடிவதற்குள் மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து மிதந்தால் வியப்பில்லை.

சரியான முறை இதுதான். முதலில் புதுப் பாறைகளைத் தனி வாளியில் உப்புநீரிலிட்டு, நீரைச் சுழலவிட்டு, சிறிது மீன் உணவும் பழைய பாறைத் துண்டொன்றும் சேர்த்து வைக்க வேண்டும். நான்கு முதல் ஆறு வாரங்களில் பாக்டீரியாக்கள் பெருகும். இட்ட உணவு அழுகியபின்னும் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் இல்லையென்று சோதனையில் தெரிந்தால் பாறை ஆயத்தம். பிறகு மணலைச் சிறுசிறு பகுதியாக, வாரம் ஒரு பகுதி வீதம் உறிஞ்சி எடுக்க வேண்டும். கிளறக் கூடாது, கிளறினால் புதைந்திருக்கும் நஞ்சு வெளியே வரும். பாறைகளை மணலின் மேலன்றிக் கண்ணாடித் தரையிலேயே உறுதியாக அமர்த்தி, அடியிலும் பின்புறத்திலும் நீர் ஓட வழிவிட வேண்டும். இரவில் மணலுக்குள் புதைந்து உறங்கும் மீன்கள் இருந்தால் அவற்றை மணலுள்ள வேறு தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும்.

செய்து பாருங்கள்

கருங்கல் ஜல்லித் துண்டு ஒன்றையும் செங்கல் துண்டு ஒன்றையும் வெயிலில் நன்றாக உலர்த்தி எடை போடுங்கள். இரண்டையும் ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, மேலே உள்ள ஈரத்தைத் துடைத்துவிட்டு மறுபடியும் எடை போடுங்கள். கருங்கல்லின் எடை ஏறக்குறைய மாறாது. செங்கல்லின் எடை தெளிவாகக் கூடியிருக்கும். கூடிய ஒவ்வொரு கிராமும் ஒரு கன சென்டிமீட்டர் நுண்துளை. செங்கல்லைத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். துளையை அளக்கத்தான் இந்தச் சோதனை.

அடுத்த முறை குற்றாலத்துக்குப் போகும்போது காலடிப் பாறையைக் கவனியுங்கள். வழுக்கும், கவனமாக நில்லுங்கள். அந்த வழுவழுப்பு வெறும் அழுக்கன்று. பாசிகளும் பாக்டீரியாக்களும் சேர்ந்து வாழும் மெல்லிய படலம் அது. வெறும் பாறை என்று நாம் தொடக்கத்தில் சொன்னோமே, அது உண்மையில் வெறும் பாறை அன்று!