கார் விளக்கு உங்கள் கண்ணுக்கு மட்டும் அல்ல!
பல்பு மாற்றுவோர் கவனிக்க வேண்டியவை

ஒரு காரில் எத்தனை பல்பு இருக்கிறது? எப்போதாவது எண்ணிப் பார்த்தது உண்டா?

முன்னால் பெரிய விளக்கு 2. அதை ஒட்டிச் சின்ன விளக்கு 2. திரும்பும்போது மினுக்கும் மஞ்சள் விளக்கு, முன்னும் பின்னும் பக்கவாட்டிலுமாக 6. பின்னால் சிவப்பு விளக்கு 2. கண்ணாடி ஓரம் இன்னொரு பிரேக் விளக்கு 1. பின்னோக்கிப் போகும்போது எரியும் வெள்ளை விளக்கு 2. நம்பர் பிளேட்டுக்கு 2. காருக்குள்ளே 1. டிக்கியில் 1.

வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும். ஆனாலும் ஏறக்குறைய 20 வந்துவிடும்!

இவற்றில் டிரைவர் பாதையைப் பார்க்க உதவுபவை எத்தனை? முன்னால் இரண்டு, பின்னோக்கிப் போக இரண்டு. அவ்வளவுதான். உள்ளே எரியும் விளக்கையும் டிக்கி விளக்கையும் விட்டுவிடுங்கள். மற்றவை எல்லாம் யாருக்காக?

சாலையில் போகும் மற்றவர்களுக்காக!

"இதோ ஒரு கார் வருகிறது", "இது நிற்கப் போகிறது", "இது வலப்பக்கம் திரும்பப் போகிறது" என்று அவை சொல்லுகின்றன. காருக்கு வாய் இல்லை. விளக்குதான் அதன் பேச்சு. ஒரு பல்பு போனால் அதன் பேச்சில் ஒரு சொல் போய்விட்டது என்று பொருள்.

ஒற்றைக்கண் கார்

முன் விளக்கு ஒன்று போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். "இன்னொன்று எரிகிறதே, போதும்" என்று சிலர் ஓட்டிக்கொண்டே இருப்பார்கள்.

எதிரே வருபவர் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்? மோட்டார் சைக்கிள் மாதிரி தெரியும்! மோட்டார் சைக்கிளுக்கு வேண்டிய இடத்தைத்தான் அவர் விடுவார். அணைந்தது வலப்பக்க விளக்காக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். ஏனென்றால் நம் நாட்டில் எதிர் வண்டி வருவது அந்தப் பக்கம்தான். காரின் பாதி உடம்பு இருட்டில் மறைந்து வருகிறது. அது அவருக்குத் தெரியாது.

பின்னால் உள்ள சிவப்பு விளக்கும் இப்படித்தான். அது அணைந்திருப்பது ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. பின்னால் 155 மீட்டர் தூரத்தில் வருபவருக்கும் அது தெரிய வேண்டும் என்பது 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதி.

பல்பு ஏன் போகிறது?

பல்புக்குள் சுருள் சுருளாக ஒரு கம்பி இருக்கிறது. அது டங்ஸ்டன் என்ற உலோகம். மின்சாரம் பாய்ந்ததும் 2,500 டிகிரிக்கு மேல் சூடேறி வெளிச்சம் தருகிறது. அந்தச் சூட்டில் கம்பி கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிறது. ஆவி கண்ணாடியில் படிந்து கறுக்கிறது. கம்பி மெலிந்து, ஒரு நாள் அறுந்துவிடுகிறது.

ஹெட்லைட்டில் இருக்கும் "ஹாலஜன்" பல்பு கொஞ்சம் கெட்டிக்காரப் பல்பு. அதற்குள் அயோடின் அல்லது புரோமின் கலந்த வாயு இருக்கிறது. ஆவியான டங்ஸ்டனை அந்த வாயு பிடித்துக்கொண்டு போய், மறுபடியும் கம்பியிலேயே விடுகிறது. அதனால் கண்ணாடி கறுப்பது இல்லை. வெளிச்சமும் அதிகம்.

நம் ஊர்க் கார்கள் பலவற்றில் இருப்பது "எச்4" என்ற பல்பு. 1971-ம் ஆண்டு வந்தது. இதற்குள் இரண்டு கம்பிகள். ஒன்று 60 வாட். தூரத்தில் அடிக்கும் "ஹை பீம்" அது. மற்றது 55 வாட், அது "டிம்". டிம் கம்பிக்குக் கீழே குட்டித் தகடு ஒன்று இருக்கும். அந்தத் தகடுதான் வெளிச்சம் மேலே போகாமல் தடுக்கிறது. எதிரே வருபவரின் கண்ணைக் காப்பாற்றுவது நகம் அளவுத் தகடு!

பல்பு மாற்றுவது எப்படி?

எச்4 பல்பை வீட்டிலேயே மாற்றலாம். வேண்டியது பொறுமை.

முதலில் என்ஜினை நிறுத்துங்கள். விளக்கு சுவிட்சையும் அணையுங்கள். பல்பு எரிந்துகொண்டு இருந்தால் கால் மணி நேரமாவது ஆறவிடுங்கள். தொட்டால் கை பொத்துப்போகும்.

பானெட்டைத் திறந்தால் ஹெட்லைட்டின் பின்பக்கம் தெரியும். மூன்று கால் உள்ள ஹோல்டரை நேராக இழுத்து எடுங்கள். பிறகு ரப்பர் மூடியைக் கழற்றுங்கள். உள்ளே ஒரு கம்பி கிளிப் பல்பைப் பிடித்துக்கொண்டு இருக்கும். அதை அமுக்கி விலக்கினால் பல்பு கைக்கு வந்துவிடும்.

புதுப் பல்பை எடுக்கும்போது ஒன்றை மறக்கக்கூடாது. கண்ணாடியைத் தொடாதீர்கள்! அடியில் உள்ள உலோகப் பகுதியைப் பிடியுங்கள். நம் விரலில் எப்போதும் எண்ணெய்ப் பசை உண்டு. அது கண்ணாடியில் ஒட்டினால், அந்த இடம் மட்டும் அதிகமாகச் சூடேறும். பல்பு சீக்கிரம் போய்விடும், வெடிப்பதும் உண்டு. தவறிப்போய்த் தொட்டுவிட்டால், ஸ்பிரிட் நனைத்த சுத்தமான துணியால் துடைத்துவிடலாம்.

பல்பின் விளிம்பில் மூன்று காதுகள் இருக்கும். அவை ஒரே ஒரு வாக்கில்தான் உட்காரும். உட்காரவில்லை என்றால் அழுத்தாதீர்கள், திருப்பிப் பாருங்கள். கடைசியாக ரப்பர் மூடியை நன்றாக மாட்டுங்கள். அது சரியாக உட்காராவிட்டால் மழைத் தண்ணீர் உள்ளே போய்விடும்.

ஒரு பல்பு போனால் இரண்டையும் மாற்றுவது நல்லது. இரண்டும் ஒரே வயது. ஒன்று போனால் மற்றதும் பின்னாலேயே போகும்.

பின்பக்க விளக்குகளுக்கு டிக்கியைத் திறந்து மூடியை எடுக்க வேண்டும். பல்பை அமுக்கி, இடப்பக்கம் திருப்பினால் வந்துவிடும். பிரேக் விளக்கும் சிவப்பு விளக்கும் ஒரே பல்பில் இருப்பது உண்டு. அதிலும் இரண்டு கம்பிகள்: 21 வாட் பிரேக்குக்கு, 5 வாட் இரவு விளக்குக்கு. அதன் இரண்டு முளைகளும் ஒரே உயரத்தில் இருக்காது. மாற்றிப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். பலவந்தமாகத் திருகினால் ஹோல்டர் உடையும்.

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அணைந்துவிட்டதா? பல்பைச் சந்தேகிக்கும் முன் பியூசைப் பாருங்கள். போன பியூசுக்குப் பதில் பெரிய பியூசோ, கம்பியோ வைத்துக் கட்டக்கூடாது. கார் தீப்பிடிக்க அதுவே போதும்.

செனான் விளக்கு உள்ள கார்களில் நீங்களாகக் கை வைக்க வேண்டாம். அது பற்றும் நொடியில் 20 ஆயிரம் வோல்ட் அளவுக்கு மின்சாரம் பாயும். புதுக் கார்கள் சிலவற்றில் எல்.இ.டி. விளக்கு முழுசாக மூடியே வருகிறது. அதில் பல்பை மட்டும் மாற்ற முடியாது.

"பவர்" கூட்டலாமா?

சென்னை ஜி.பி. ரோட்டில் கார் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எந்த ஊர்க் கடைக்குப் போனாலும் ஒரு கேள்வி காதில் விழும்: "வெளிச்சம் பத்தவில்லை. பவர் கூடின பல்பு இருக்கிறதா?"

கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. இருட்டுப் பாதையில் ஓட்டுபவருக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். ஆனால் கணக்கைப் பாருங்கள்.

60 வாட் பல்பு 12 வோல்ட் மின்சாரத்தில் 5 ஆம்பியர் இழுக்கும். இரண்டுக்கும் 10 ஆம்பியர். 100 வாட் பல்பு போட்டால் இரண்டும் சேர்ந்து 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கம்பெனிக்காரர் போட்ட ஒயர் அதற்காகச் செய்தது அல்ல. ஒயர் சூடாகும். ஹோல்டர் உருகும். சுவிட்ச் கருகும்.

நீல நிறப் பல்பு இன்னொரு ஏமாற்று. கண்ணாடிக்கு நீலம் பூசினால் வெளிச்சத்தில் ஒரு பகுதியை அந்தப் பூச்சே தின்றுவிடும். பார்க்க வெள்ளை வெளேர் என்று இருக்கும். பாதையில் விழுவது குறைவு.

எல்.இ.டி. மாட்டினால்?

நீல ஒளி தரும் எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-ம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. அந்த நீல ஒளியால்தான் வெள்ளை எல்.இ.டி. விளக்கு பிறந்தது. 2007-ல் லெக்சஸ் கார் ஒன்றில் ஹெட்லைட்டாகவும் வந்தது. அருமையான விளக்குதான். சந்தேகம் இல்லை.

ஆனால் அந்தக் காரின் ஹெட்லைட் முழுவதையும் எல்.இ.டி.க்காகவே செய்தார்கள். பழைய ஹாலஜன் ஹெட்லைட்டுக்குள் எல்.இ.டி. பல்பைச் சொருகுவது வேறு கதை. உள்ளே இருக்கும் பளபளப்பான கிண்ணம், கம்பி இருக்கும் இடத்தைக் கணக்குப் பண்ணிச் செய்தது. அந்த இடத்தில் இருந்து வெளிச்சம் ஒரு நூல் விலகினாலும் போதும்; கண்டபடி சிதறும். பாதையில் விழ வேண்டியது எதிரே வருபவர் முகத்தில் விழும்.

எதிராளிக்கு 3 விநாடி கண் கூசினால் என்ன ஆகும்? 60 கிலோ மீட்டர் வேகத்தில் 3 விநாடியில் ஒரு வண்டி 50 மீட்டர் போய்விடும். அந்த 50 மீட்டரும் அவர் குருடர்! அவர் எதிரே ஓரமாக நடந்து போகிறவர்கள் கதி என்ன? சைக்கிளில் போகிறவர் கதி என்ன? அவர் வண்டி நேராக வருவது உங்கள் காரை நோக்கித்தானே! அடுத்தவர் கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் உங்களுக்குப் பாதுகாப்பு அல்ல.

இதற்கும் மோட்டார் வாகன விதி இருக்கிறது. விளக்கில் இருந்து 8 மீட்டர் தூரத்தில், வலப்பக்கம் அரை மீட்டர் தள்ளி, ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசவைக்கக் கூடாது என்கிறது 106-வது விதி.

செலவு இல்லாத வெளிச்சம்

அப்படியானால் வெளிச்சம் கூட என்ன வழி? பல வண்டிகளில் குற்றம் பல்பு மேல் அல்ல.

ஹெட்லைட்டின் பிளாஸ்டிக் மூடி வெயிலில் மஞ்சளாகி இருக்கிறதா, பாருங்கள். பாலிஷ் போட்டுத் துடைத்தாலே வெளிச்சம் திரும்பும். அடுத்து, ஒயர் முனைகளில் துரு இருக்கிறதா, பாருங்கள். துரு இருந்தால் மின்சாரம் குறைவாகப் பாயும். 12 வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும்! துருவைச் சுரண்டி எடுக்க ஆட்டோ எலக்ட்ரீசியனுக்கு ஒரு மணி நேரம் போதும்.

குடும்பத்தோடு ஊருக்குப் போகும்போது இன்னொன்று. பின் சீட்டில் மூன்று பேர். டிக்கி நிறைய மூட்டை முடிச்சு. காரின் பின்பக்கம் தாழும். மூக்கு மேலே தூக்கும். ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும். ஸ்டியரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட சிறிய சக்கரம் பல கார்களில் இருக்கிறது. பாரம் ஏறினால் எண்ணைக் கூட்டுங்கள். வெளிச்சம் கீழே இறங்கும். இறக்கி வைத்ததும் மறுபடி 0-வுக்கு வாருங்கள்.

எல்.இ.டி. எங்கே நல்லது?

காருக்குள் எரியும் விளக்குக்கு எல்.இ.டி. நல்லது. 10 வாட் பல்பை மறந்துபோய் இரவு 10 மணி நேரம் எரியவிட்டால், 35 ஆம்பியர்-மணி உள்ள சிறிய பேட்டரியில் 8-க்கு மேல் தீர்ந்துவிடும். 1 வாட் எல்.இ.டி. என்றால் 1 கூடத் தீராது. மாட்டியதும் எரியவில்லையா? கெட்டுப்போனது என்று எண்ணாதீர்கள். திருப்பி மாட்டிப் பாருங்கள். எல்.இ.டி.க்குத் தலை, கால் உண்டு.

எல்.இ.டி.க்காகவே செய்த பிரேக் விளக்கிலும் ஒரு நன்மை உண்டு. கம்பிப் பல்பு சூடேறி எரிவதற்குள் எல்.இ.டி. எரிந்துவிடும். வித்தியாசம் விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் 80 கிலோ மீட்டர் வேகத்தில் பின்னால் வருபவருக்கு அது 4 மீட்டருக்கு மேல்! ஒரு சிறிய காரின் நீளம் அது.

இண்டிகேட்டரில் எல்.இ.டி. போட்டால் "டிக் டிக்" சத்தம் படபடவென்று வேகமாக அடிக்கலாம். எல்.இ.டி. குறைந்த மின்சாரம் எடுப்பதால், பல்பு போய்விட்டது என்று கார் நினைத்துக்கொள்கிறது. பழைய பல்போடு இருக்கும்போதே அப்படி அடித்தால், ஒரு பல்பு போயிருக்கிறது என்று அடையாளம்.

ஞாயிற்றுக்கிழமைச் சோதனை

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, இருட்டும் நேரத்தில், காரை வீட்டு வாசலில் நிறுத்துங்கள். என்ஜின் ஓட வேண்டாம். கை பிரேக்கைப் போடுங்கள். வீட்டுக்காரர் சீட்டில் உட்காரட்டும். பிள்ளைகள் பக்கவாட்டில் தள்ளி நிற்கட்டும். காருக்கு நேர் முன்னாலோ பின்னாலோ நிற்கக்கூடாது. அவர் ஒவ்வொரு சுவிட்சாகப் போட, பிள்ளைகள் "எரிகிறது", "எரியவில்லை" என்று சொல்லட்டும். பிரேக்கை மிதிக்கும்போது மூன்று சிவப்பு விளக்கும் எரிகிறதா என்று பார்க்கட்டும்.

ஐந்து நிமிஷ வேலை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூடச் சொல்லிவிடலாம். எரியாத பல்பு ஒன்று இருந்தால், அடுத்த நாளே கடைக்குப் போங்கள். பழைய பல்பைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதன் அடியில் எண்ணும் வாட்டும் எழுதி இருக்கும். அதே எண், அதே வாட் கேட்டு வாங்குங்கள். அதற்கு மேல் ஒரு வாட்கூட வேண்டாம்.