ஒரு பெட்டி, மூன்று உயரம்: உட்காரவும் உதவும், உடம்பையும் காக்கும்!

தென்காசி மாவட்டம், ஆலங்குளம் வட்டாரத்துத் தெருக்களில் மதிய நேரம் நடந்தால் அடிக்கடி கண்ணில் படும் காட்சி இது. திண்ணையில் சுவரோரமாகக் கால் நீட்டி அமர்ந்து, மடியில் தட்டை வைத்துக்கொண்டு பெண்கள் பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். குனிந்த தலை நிமிராது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி கணக்கிடுவதால், எழுந்து நடக்கிற நேரமும் கூலியில்தான் குறையும். வீட்டு ஆண்களோ தக்காளிக்கும் வெண்டைக்கும் மருந்தடிக்க 16 லிட்டர் கைத்தெளிப்பானை முதுகில் சுமந்து வரப்பில் நடப்பார்கள். பொழுது சாய்ந்ததும் இரண்டு பேர் வாயிலும் ஒரே பேச்சுதான்: ‘இடுப்பு விட்டுப்போச்சு.’

நாள் முழுக்க உழைக்கிறவர்களுக்கு உடற்பயிற்சி எதற்கு என்ற கேள்வி எழும். வேலை உடம்பை ஒரே பக்கமாக இழுக்கிறது என்பதுதான் பதில். களை பறிப்பதும் நாற்று நடுவதும் முதுகை முன்பக்கமே வளைக்கின்றன. பீடி சுற்றும்போது விரல்கள் ஓடுகின்றன. தொடையும் இடுப்பும் அசைவதில்லை. வேலை தொடாமல் விட்ட தசைகளைத் தொடுவதற்குத்தான் பயிற்சி. வாரத்தில் குறைந்தது 2 நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் கூறுகிறது. 65 வயதைத் தாண்டியவர்கள், தடுமாறி விழாமல் இருக்க, நிலைதடுமாறாமைக்கும் வலுவுக்கும் சேர்த்து வாரம் 3 நாள் செய்ய வேண்டும்.

சாமானே கருவி

முன்பு இதற்கெனத் தனிக் கருவி தேவைப்படவில்லை. உலக்கை, அம்மி, ஆட்டுக்கல் எல்லாம் வீட்டுச் சாமான்கள். தோளுக்கும் கைக்கும் வேலை கொடுத்தவையும் அவைதான். மிக்ஸியும் கிரைண்டரும் வந்து பாரத்தைக் குறைத்தது நல்லதே. ஆனால், அந்த அசைவும் கூடவே போய்விட்டது. அதை ஈடுகட்ட இரும்புக் கருவி வாங்கிப் போட்டால், சில மாதங்களில் அது துணி காயப்போடும் கொடியாகிவிடும். அன்றாடம் புழங்குகிற சாமானே கருவியாக இருந்தால் மூலையில் முடங்காது.

இது உலகம் அறிந்த யோசனைதான். ஜெர்மனியில் பிறந்து நியூயார்க்கில் பயிற்சிக்கூடம் நடத்திய ஜோசப் பிலேட்டஸ், சிறிய வீட்டில் உட்காரும் நாற்காலியாகவும், திருப்பிப் போட்டால் பயிற்சிக் கருவியாகவும் பயன்படும் ஒன்றை வடிவமைத்தார். அதில் ஸ்பிரிங் உண்டு. நம் திண்ணைக்கு அதைவிட எளிமையான ஒரு மரப்பெட்டி போதும்.

எப்படிச் செய்வது?

பெட்டியின் வெளி அளவு 12, 17, 20 அங்குலம். புரட்டிப் போடுவதற்கு ஏற்ப மூன்று உயரம் கிடைக்கும். முக்கால் அங்குலக் கனப் பலகையில் வெட்ட வேண்டிய துண்டுகள்:

• 17 x 20 அங்குலம்: 2
• 10½ x 20 அங்குலம்: 2
• 10½ x 15½ அங்குலம்: 1

ஆறாவது பக்கத்தை மூட வேண்டாம். அந்தத் திறப்பில் பீடி இலையோ, பிள்ளைகளின் புத்தகமோ வைத்துக்கொள்ளலாம். 20 அங்குல உயரத்தில் நிறுத்தும்போது மட்டும் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, திறப்பைத் தரைப்பக்கம் வைக்க வேண்டும்.

பிளைவுட் என்றால் 4 அடிக்கு 4 அடி போதும். பழைய கதவுப் பலகை கிடைத்தால் இன்னும் நல்லது. காய்ந்து இறுகிய மரம் இனி வளையாது. வேம்பு, பூவரசு ஏற்றவை. அன்று அறுத்த பச்சை மரம் கூடாது. காயும்போது சுருங்கி வெடிக்கும், மூட்டும் தளரும்.

மூட்டுகளில் மரப்பசை தடவி, ஆணிக்குப் பதில் ஸ்குரூ முடுக்க வேண்டும். ஏறி இறங்கும் அதிர்வில் ஆணி மெல்லக் கழன்றுவிடும். உள்மூலைகளில் ஓர் அங்குலச் சட்டம் வைத்துப் பிணைப்பது அவசியம். இரண்டு பெரிய பலகைகளுக்கும் உட்பக்கம் நடுவில் குறுக்குச் சட்டம் கொடுத்தால் ஆள் ஏறினாலும் பலகை தொய்யாது. விளிம்புகளை இழைத்து, உப்புத்தாள் போட்டு மழுக்க வேண்டும். பழைய சைக்கிள் டியூபைத் துண்டுகளாக வெட்டி, பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனால் மூலைகளில் ஒட்டினால் சிமென்ட் தரையில் வழுக்காது.

மூன்று உயரம், மூன்று பயிற்சி

*17 அங்குலம்:* இது நாற்காலி உயரம். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து எழ வேண்டும். தொடையும் இடுப்பும் வலுப்பெறும். முதியோரின் கால்வலுவைச் சோதிக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் முறையும் இதுதான். 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழ முடிகிறது என்று எண்ணுவார்கள். 60 முதல் 64 வயதுக்குள் பெண்கள் 12, ஆண்கள் 14 முறைக்குக் குறைந்தால் கால்வலு போதாது என்று பொருள். அப்படிப்பட்டவர்கள் 20 அங்குல உயரத்தில் தொடங்கலாம். இருக்கை உயர்ந்தால் எழுவது எளிது.

*12 அங்குலம்:* வலது காலால் 10 முறை, இடது காலால் 10 முறை ஏறி இறங்க வேண்டும். பாதம் முழுவதும் பலகையில் பதிய வேண்டும். முதியோருக்கு இந்த உயரம் அதிகம். அவர்களுக்கு வாசற்படி போதும். மற்ற நேரத்தில் இதுவே காய்கறி நறுக்க உட்காரும் மணை.

*20 அங்குலம்:* விளிம்பில் இரு கைகளையும் ஊன்றி, உடலைச் சாய்த்துத் தண்டால் எடுக்கலாம். தரையில் எடுப்பதைவிட எளிது. முடியாதவர்கள் சுவரில் கை ஊன்றித் தொடங்கலாம்.

பீடி சுற்றுகிறவர்கள் மணிக்கு ஒருமுறை எழுந்து, கைகளைப் பின்னால் கோத்து மார்பை விரித்து நின்று, பிறகு ஐந்து முறை உட்கார்ந்து எழுந்தால் போதும். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாது.

கவனிக்க

எந்தப் பயிற்சியானாலும் பெட்டி சுவரோடு ஒட்டியே இருக்க வேண்டும். இதய நோய், தலைச்சுற்றல், கடும் மூட்டுவலி உள்ளவர்கள் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நடமாட முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள்.

பெட்டி தயாரானதும் முதல் நாளே 30 விநாடி எண்ணிப் பார்த்து, அந்த எண்ணிக்கையைச் சுவர் காலண்டரில் பென்சிலால் குறித்து வையுங்கள். அடுத்த மாதம் அதே தேதியில் மறுபடி எண்ணுங்கள். எண் கூடியிருந்தால், இடுப்பே அதை முன்கூட்டிச் சொல்லியிருக்கும்.