எவர்சில்வரிலும் ஓட்டை விழும்!

சங்கரன்கோவில் பக்கம் மல்லிகைக்கும் காய்கறிக்கும் கிணறும் போர்வெல்லும்தான் உயிர். தண்ணீர் உப்பாக இருக்கும் தோட்டங்களில், ‘துருவே பிடிக்காது’ என்று வாங்கிய எவர்சில்வர் பைப், தொட்டி, மோட்டார் உறைகளில்கூட ஊசி முனை அளவில் ஓட்டை விழுவதுண்டு. மற்ற இடமெல்லாம் பளபளப்பாகவே இருக்கும்.

சாதா இரும்பு மேலெல்லாம் துருப்பிடிக்கும்; கண்ணுக்குத் தெரிந்துவிடும். எவர்சில்வரில் உள்ள குரோமியம், காற்றுபட்டதும் மெல்லிய படலமாகி இரும்பைக் காக்கிறது. தண்ணீரில் உள்ள குளோரைடு உப்பு இந்தப் படலத்தை ஏதோ ஒரு புள்ளியில் உடைத்துவிடும். அந்தக் குழிக்குள் உப்பும் அமிலமும் சேரச் சேர, ஓட்டை ஆழமாக இறங்கும். சேறு படிந்த இடம், போல்ட் இடுக்கு, தண்ணீர் தேங்கும் மூலை ஆகியவற்றில்தான் இது முதலில் தொடங்கும்.

எல்லா எவர்சில்வரும் ஒன்றல்ல.

* 410: சுமார் 12% குரோமியம், நிக்கல் இல்லை. உறுதியானது, உப்புக்குத் தாங்காது.
* 202: நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்தது. விலை குறைவு, 304 அளவுக்கு உப்பைத் தாங்காது.
* 304: 18% குரோமியம், 8% நிக்கல். லிட்டருக்கு 200 மில்லிகிராம் குளோரைடு வரை பொதுவாகத் தாங்கும்.
* 316: கூடுதலாக 2% மாலிப்டினம். சுமார் 1,000 மில்லிகிராம் வரை தாங்கும்.

அதற்கும் மேல் உப்பு என்றால், முடிந்த இடத்தில் பிவிசி குழாய், பிளாஸ்டிக் தொட்டியே சிக்கனம்.

‘காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல சரக்கு’ என்பது தவறான கணக்கு. 202, 304, 316 மூன்றிலுமே பொதுவாகக் காந்தம் ஒட்டாது. எனவே ரகத்தின் எண்ணை பில்லில் எழுதி வாங்குவதே பாதுகாப்பு.

சொட்டுநீரில் உரம் விடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் உரத்தின் எடையில் கிட்டத்தட்ட பாதி குளோரைடுதான். அந்தக் கரைசலை எவர்சில்வர் தொட்டியில் தேக்கி வைக்கக் கூடாது; விட்டு முடித்ததும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். குழாய் அடைப்பு நீக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் பிளாஸ்டிக் வாளியில்தான் கரைக்க வேண்டும்.

அரசு மண் பரிசோதனை நிலையங்களில் பாசன நீரையும் பரிசோதிக்கலாம். மோட்டார் வாங்கும் முன் குளோரைடு அளவைக் கேட்டுத் தெரிந்துகொண்டால், போர்வெல்லில் இறக்கியதை மறுபடி தூக்கும் செலவு மிச்சம்.