வேகக் கேமராவில் சிக்கிய வண்டி: அபராதம் யார் கணக்கில்?

மன்னார்புரத்தில் உள்ள நம் கிடங்கிலிருந்து வாரம் மூன்று நாள் பாடாலூர், பெரம்பலூர் பக்கத்துச் சில்லறைக் கடைகளுக்கு மளிகைச் சரக்கு போகிறது. சென்ற மாதம் அப்படிப் போய்த் திரும்பிய சிறிய சுமை வண்டியை நெடுஞ்சாலையில் வேகக் கேமரா படம் பிடித்துவிட்டது. பலகையில் இருந்த வரம்பு 60 கிலோமீட்டர். வண்டி வந்தது 78. நேரம் பகல் ஒன்று பத்து. சில நாள் கழித்து நம் கைப்பேசிக்குச் செய்தி வந்தது: அபராதம் 1,000 ரூபாய்.

உடனே கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு, ஓட்டுநர் பெயரில் பற்று எழுதச் சொன்னோம். நம்மில் பெரும்பாலோர் செய்வது இதுதான். ஓட்டுநர் மறுத்துப் பேசவில்லை. "கட்டிடுறேன் முதலாளி. ஆனா ஒன்றரைக்குள்ள வண்டி கிடங்குல நிக்கணும்னு சொன்னது நீங்கதானே" என்று மட்டும் சொன்னார்.

அந்த வார்த்தை உறுத்திற்று. தெரிந்த வழக்கறிஞரிடம் போனோம். அவர் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தை எடுத்து 183-ஆம் பிரிவைப் படித்துக் காட்டினார். வேகமாக ஓட்டியவருக்கு மட்டுமல்ல, தம்மிடம் வேலை செய்பவரை அப்படி ஓட்டச் செய்தவருக்கும் அபராதம் உண்டாம். முன்பு ஓட்டுநருக்கு முதல் முறை 400 ரூபாய் வரை, ஓட்டச் செய்த முதலாளிக்கு 300 ரூபாய் வரை என்று தனித்தனியாக இருந்தது. 2019-ல் வந்த திருத்தம் இருவரையும் ஒரே தட்டில் வைத்துவிட்டது. இலகு ரக வண்டிக்கு 1,000 முதல் 2,000 ரூபாய். நடுத்தர, கனரகச் சரக்கு வண்டிக்கு 2,000 முதல் 4,000 ரூபாய். மறுமுறை சிக்கினால் ஓட்டுநரின் உரிமத்தையே பறிமுதல் செய்யலாம். பணத்தை யாரும் கட்டலாம். உரிமம் போனால் பிழைப்பு போவது அவருக்குத்தான்.

அதே பிரிவின் நான்காம் உட்பிரிவை நாம் இதுவரை கேள்விப்பட்டதே இல்லை. இத்தனை மணிக்குள் வந்து சேர வேண்டும் என்று ஒருவர் உத்தரவிட்டு, வேக வரம்பை மீறாமல் அந்த நேரத்துக்குள் வர இயலாது என்று நீதிமன்றம் கருதினால், அந்த உத்தரவே அவர் குற்றம் செய்ததற்கு முதல்நோக்குச் சான்று. தினமும் காலையில் கல்லாவில் உட்கார்ந்தபடி நாம் சொல்வது வேறென்ன?

கிடங்குக்கு வந்து கணக்குப் போட்டோம். பெரம்பலூரிலிருந்து இங்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். 60 வேகத்தில் ஒரு மணி நேரம், 80 வேகத்தில் முக்கால் மணி. எவ்வளவு விரட்டினாலும் மிச்சம் கால் மணிதான். அதற்காக விநாடிக்கு 22 மீட்டர் வீதம் பறந்து வர வேண்டும். அன்று கடைசிக் கடையில் சரக்கு இறக்கி முடிக்கவே பன்னிரண்டே முக்கால் ஆகியிருக்கிறது. காலையில் பில் போடத் தாமதமாகி, வண்டி கிளம்பியதே அரை மணி பிந்தித்தான். அந்தத் தாமதம் நம்முடையது.

இன்னொரு வேடிக்கை. வேகக் கேமராவுக்கு முன்னோடியான கருவியைச் செய்த மாரிஸ் காட்சோனிடஸ் 1953-ல் மான்டே கார்லோ கார்ப் பந்தயத்தில் வென்ற டச்சுக்காரர். வளைவுகளில் தம் வேகத்தை அளந்து, இன்னும் வேகமாகப் போவதற்காகச் செய்தாராம்!

நோட்டீஸ் வந்தால் பதறாமல் படத்தில் இருப்பது நம் வண்டிதானா, எண் சரியா என்று பாருங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-ல் சேர்க்கப்பட்ட 167ஏ விதி, படம், அளந்த வேகம், தேதி, நேரம், இடம் எல்லாம் நோட்டீஸில் இருக்க வேண்டும் என்றது. தவறென்றால் ஆட்சேபிக்க வழி உண்டு. ஆர்.சி.யில் பழைய கைப்பேசி எண் இருந்தால் செய்தியே வராது. அபராதம் சேர்ந்து நின்று, வண்டியைப் பெயர் மாற்றப் போகும்போது மாட்டிக்கொள்வோம். வாட்ஸ்அப்பில் 'சலான்' என்று வரும் செயலிக் கோப்பைத் தொட வேண்டாம், அது பணம் பறிக்கும் மோசடி. அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

ஓட்டுநர் பெயரில் எழுதிய பற்றை அடித்துவிட்டோம். கடைச் செலவில் எழுதலாமா என்று ஆடிட்டரைக் கேட்டால், சட்டத்தை மீறிக் கட்டும் அபராதத்தை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்றார். ஆகவே நம் சொந்தக் கணக்கில் போயிற்று.

இப்போது பில்லை முதல் நாள் இரவே போட்டு வைக்கிறோம். வண்டி இரண்டு மணிக்குத் திரும்புகிறது. மாலைச் சரக்கு அரை மணி பிந்துகிறது என்று சுப்பிரமணியபுரத்துக் கடைக்காரர் ஒருவர் குறைப்பட்டார். அவரிடம் இந்த நோட்டீஸைக் காட்டினோம். தம் வண்டிக்கும் ஏதாவது நிற்கிறதா என்று அங்கேயே உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார்.